தூக்கக்கூடாத கை

கத்தியக்காவுக்குப் புற்றுநோய், வலது மார்பை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி கடைத்தெருவில் பரவியபோது, உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லையே என்று முதலில் கேட்டவர்கள் குறைவு. "வலது கை இருக்குதா?" என்றுதான் கேட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இருபது வருடமாக அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். சில பேர் அதனிடம் அடி வாங்கியும் இருக்கிறார்கள்.

அவள் கறிக்கடைக்காரி. புருஷன் உயிரோடு இருந்தவரை கடை அவனுடையது. லாரியிலிருந்து ஆடுகளை இறக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த இன்னொரு லாரி அவனை நசுக்கிப் போட்டது. பத்து நாள்கூட ஆகவில்லை, கொழுந்தன் இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். பொம்பளை கறி வெட்டி யார் பார்த்திருக்கிறார்கள், சாவியைக் கொடு, என்றான். சொன்னதோடு நில்லாமல் கடைக்குள் ஏறி, வெட்டுக்கட்டை மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டான், இனி இது என்னுடையது என்கிற மாதிரி. அவள் ஒரு தொடையிலிருந்து எலும்பு எடுத்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த கத்தி ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தது. அவன் சட்டைக் கையோடு சேர்ந்து கட்டைக்குள் நான்கு விரல்கடை இறங்கிவிட்டது. தோலில் ஒரு கீறல்கூட இல்லை.

"கத்தியை எடுங்க அண்ணி" என்றான் கொழுந்தன். குரல் போன இடம் தெரியவில்லை.

"கஸ்டமர் நிக்கிறாங்க. அவங்களை அனுப்பிட்டு எடுக்கிறேன். அது வரைக்கும் கையை ஆட்டாதீங்க" என்றாள். இன்னொரு கத்தியை எடுத்து, நின்றிருந்த மூன்று பேருக்கும் கறி வெட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் அவனை விடுவித்தாள். கூட வந்த இரண்டு ஆட்கள் எப்போது போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு வந்த பெயர்தான் கத்தியக்கா.

அவள் அடித்ததெல்லாம் நியாயம் என்று சொல்லிவிட முடியாது. எடைக்கல்லைச் சந்தேகப்பட்ட ஒரு பெரியவரை ஆட்டுக் குடலால் அறைந்திருக்கிறாள். மகளைப் பெயிலாக்கியது இவர்தான் என்று தப்பாக நினைத்து, சம்பந்தமே இல்லாத ஒரு வாத்தியாரைத் துரத்தித் துரத்தி அடித்திருக்கிறாள். கோபம் வந்தால் முதலில் கை போகும். புத்தி அப்புறம் மெதுவாக நடந்து வந்து சேரும். ஆனாலும் மனுஷி அந்தக் கையை நம்பித்தான் பிழைத்தாள்.

மகளை மட்டும் கடைப் பக்கம் விட்டதே இல்லை. வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது. நடுவில் ஒரு கதவுதான். அந்தக் கதவைத் தாண்டி மகள் வரக்கூடாது. ரத்த வாடை அவள் உடுப்பில் ஏறக்கூடாது, கத்திப் பிடி அவள் உள்ளங்கையில் காய்ப்பு வைக்கக்கூடாது. படிக்க வைத்தாள். மகள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, கடுகளவு திருகாணிகளைக் கண்ணாடிச் சட்டங்களில் மாட்டிக்கொண்டிருந்தாள். அந்த வேலையைப் பற்றிக் கத்தியக்கா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள். "எம்பொண்ணு தொட்டா சத்தமே வராதுங்க. அவ்வளவு பூப்போல."

அந்தப் பூவை ஒரு வேன் டிரைவர் கட்டிக்கொண்டான். பார்க்க நல்ல பையன். நிமிர்ந்துகூடப் பேச மாட்டான். கல்யாணமாகி எட்டு மாதத்தில் பெண்ணின் காது கிழிந்து தொங்கியது. கத்தியக்கா நேரே போய், சாப்பிட்டுக்கொண்டிருந்தவனை எழுப்பி நிறுத்தி, "மாப்பிள்ளை, வாயைத் திறங்க" என்று மரியாதையாகச் சொல்லி, திறந்த வாயில் இரண்டு பல்லை உடைத்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம் ஒரு வருடம் அவன் கை மகள் மேல் படவில்லை. திருந்திவிட்டான் என்று மகள் நினைத்தாள். திருத்திவிட்டேன் என்று தாய் நினைத்தாள். இரண்டுமில்லை. அவன் காத்துக்கொண்டிருந்தான்.

மார்பில் கட்டி வந்தது ஆட்டுக் கொம்பு இடித்ததால்தான் என்று எட்டு மாதம் சும்மா இருந்தாள் கத்தியக்கா. முழு ஆட்டைத் தோளில் போட்டுத் தூக்கும்போது வலி கை முழுக்க இறங்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே இருந்த அறுவை டாக்டர் ஒரு குள்ளமான அம்மா. நோயாளிகள் அவருக்குத் தையல்காரம்மா என்று பேர் வைத்திருந்தார்கள். மற்ற டாக்டர்கள் பத்துத் தையல் போடும் இடத்தில் இவர் நாற்பது போடுவார். நேரமாகிறது என்று மயக்க டாக்டர் முணுமுணுத்தால், "புண் சீழ் பிடிச்சா நீங்களா வந்து கழுவுவீங்க?" என்று முகத்தில் அடித்தாற்போல் கேட்பார்.

"ஆபரேஷன் பெரிய விஷயம் இல்லம்மா" என்றார் கத்தியக்காவிடம். "அதுக்கப்புறம் புண் ஆறணும். அதுலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. கட்டியை எடுக்கறதுக்காக மேல் தோலைச் சதையிலேர்ந்து பிரிக்கிறோம். எடுத்ததும் உள்ளே ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்துல நீர் கோத்துக்கும். நீர் கோத்தா..."

"தோல் மிதக்கும்" என்றாள் கத்தியக்கா.

டாக்டர் பேச்சை நிறுத்தினார்.

"நான் தினம் தோல் உரிக்கிறவ டாக்டரம்மா. உரிச்ச தோலை நீங்க திரும்ப ஒட்ட வைக்கணும்கிறீங்க. கீழே தண்ணியோ காத்தோ நின்னா ஒட்டாது. ஓரம் கறுத்துப் போகும். அப்புறம் நாத்தம்தான். தோலை அங்கங்க சதையோட பிடிச்சுத் தச்சுட்டா என்ன?"

"அதைத்தான் செய்யப் போறேன்" என்றார் டாக்டர். "எங்க பெரிய டாக்டருக்கு இதைப் புரிய வைக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு."

இரண்டு பேருக்கும் அந்த நிமிடமே பிடித்துப்போனது. ஆனால் டாக்டர் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. விடியற்காலையில் முதல் ஆட்டை முடித்ததும் கத்தியக்கா ஒரு சிகரெட் பிடிப்பாள். அதை ஆபரேஷனுக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்தச் சொன்னார், புகை தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும் என்று. ரத்தத்தில் ஏறிக் கிடந்த சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துக் காட்டினால்தான் கத்தியைத் தொடுவேன் என்றார். ஊரையே ஆட்டிப் படைத்தவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சாகப் பயமா என்று கேட்டால் இல்லை என்பாள். பொய். தான் போய்விட்டால் மகளுக்கு அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற ஒரே பயம்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. விலாவில் ஒரு துளை போட்டு ஒரு ரப்பர் குழாயை விட்டிருந்தார்கள். அது உள்ளே ஊறும் நீரை உறிஞ்சி, இடுப்பில் தொங்கிய ஒரு டப்பாவில் சேர்த்தது. வலது கையை முழங்கையில் மடித்து, அகலத் துணிப்பட்டையால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டாள் கட்டுப் போடும் நர்ஸ்.

"எல்லாருக்கும் இப்படியா கட்டுவீங்க?"

"எல்லாருக்கும் ஒரு வாரம் கையை உசத்தாதீங்கன்னு சொல்லுவோம், கேப்பாங்க. நீங்க தூக்கத்துல கையை வீசுறீங்க அக்கா. நேத்து பக்கத்து பெட் அம்மா பதறிப் போய் எழுந்து உட்கார்ந்துட்டாங்க."

"கனவுல ஆடு வெட்டினேன்."

"யாரை வெட்டுனீங்கன்னு நான் கேக்கவே இல்லையே" என்றாள் நர்ஸ். வார்டு முழுக்கச் சிரித்தது. கத்தியக்கா சிரிக்கப் பார்த்தாள், தையல் இழுத்தது.

ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"அக்குள்லேர்ந்து நெறி கட்டுற முடிச்சு பதினாலு எடுத்தேன். ஒன்பதுல நோய் இருக்கு. உடம்புல வேற எங்கயாவது போறதுக்குள்ள மருந்து ஏத்தியாகணும். இன்னும் ரெண்டு வாரத்துல, இருபத்தொண்ணாம் நாள் ஆரம்பிக்கிறோம். ஆனா புண் மூடியிருந்தாத்தான் ஏத்த முடியும். புண்ணு திறந்திருக்கும்போது அந்த மருந்தை ஏத்தினா ஆளையே முடிச்சுடும். இப்ப காயம் அழகா ஒட்டிக்கிட்டு வருது. கெடுக்க உங்களால மட்டும்தான் முடியும். இந்தக் கையைத் தூக்காதீங்க. பக்கெட், குடம், கதவு, எதுவும் வேண்டாம். யாரையும் அடிக்காதீங்க."

"யார் சொன்னா நான் அடிப்பேன்னு?"

"உங்களைப் பார்க்க வந்த அத்தனை பேரும்."

ஒரு வாரமாக வேலை இருக்கிறது என்று போனில் மட்டும் பேசிய மகள் கூட்டிப்போக வந்திருந்தாள். முகத்தில் பெரிய கறுப்புக் கண்ணாடி. புது மாடலா என்று நர்ஸ் விசாரித்தாள். கத்தியக்கா விசாரிக்கவில்லை. ஆட்டோவில் ஏறிய பிறகு, "கழட்டு" என்றாள். மகள் கழற்றவில்லை. இடது கையால் தாயே எடுத்தாள். வலது கண் இருந்த இடத்தில் ஒரு ஊதா வீக்கம் இருந்தது, நடுவில் ஒரு கீற்று.

"எப்ப?"

"நீ ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போன அன்னிக்கு" என்றாள் மகள். "இனிமே உங்கம்மாவுக்குக் கை வராதுன்னு சொல்லிட்டுத்தான் ஆரம்பிச்சாரு. அன்னிக்கு நைட்டே ஃப்ரெண்டு வீட்டுக்குப் போயிட்டேன். இனிமே அங்க போக மாட்டேன்."

கத்தியக்காவுக்கு ரத்தம் கொதித்தது. கட்டிய பட்டைக்குள் வலது கை தானாக முஷ்டி பிடித்தது. மகள் அந்த முஷ்டியைத் தன் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா. இருபத்தொண்ணாம் நாள் வரைக்கும். நீ எங்கயும் போகக்கூடாது, யாரையும் தொடக்கூடாது. எனக்கு நீ வேணும். சத்தியம் பண்ணு."

அவள் சத்தியம் செய்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அடியை மென்று விழுங்கினாள்.

ஒன்பதாம் நாள், மதிய வெயிலில் தெரு அடங்கிக் கிடந்தபோது, மாப்பிள்ளை வேனைக் கடை வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கினான். கடை ஷட்டர் சாத்தியிருந்தது. பக்கத்துச் சந்து வழியாக வந்து, பின்கதவை உதைத்துத் திறந்தான். மூக்கு முட்டக் குடித்திருந்தான். டப்பாவில் சேர்ந்த நீரை மகள் அப்போதுதான் அளந்து கொட்டியிருந்தாள். நீர் குறைந்துகொண்டே வந்தது. இன்னும் இரண்டு நாளில் குழாயை எடுத்துவிடலாம் என்று நர்ஸ் போனில் சொல்லியிருந்தாள்.

"என்ன அத்தை, கைக்கு விலங்கு மாட்டிட்டாங்களா?"

"வாங்க மாப்பிள்ளை. உட்காருங்க" என்றாள் கத்தியக்கா. கட்டிலை விட்டு அசையவில்லை. சத்தியம் நினைவிருந்தது.

அவன் உட்காரவில்லை. மகளின் கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டு சுவரில் மோதினான். ஒருமுறை. அவள் கத்தவில்லை, கத்தினால் தாய் எழுந்துவிடுவாள் என்று. அது அவனுக்கு இன்னும் வெறியேற்றியது. மறுபடி மோதினான். கீழே விழுந்தவளை வயிற்றில் உதைத்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் உதைத்தான். உங்க ஆத்தா இப்ப அடிக்கட்டும்டி, அடிக்கட்டும் பார்க்கலாம், என்று ஒவ்வொரு உதைக்கும் ஒருமுறை சொன்னான்.

கத்தியக்கா எழுந்தாள். இடது கையால் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இடது கைக்கு என்ன தெரியும், அது வாழ்நாள் முழுக்க எடைத்தட்டைப் பிடித்த கை. அவன் திரும்பி அவளைத் தள்ளினான். தள்ளும்போது குழாய் கண்ணில் பட்டது. என்னது இது, என்று கேட்டான், உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவன் மாதிரி. அதைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, இழுத்தான்.

விலாவுக்குள்ளிருந்து ஒரு முழ நீளத்துக்கு உயிர் உருவிக்கொண்டு வெளியே வந்தது. குழாயைத் தோலோடு பிடித்திருந்த தையல் சதையைக் கிழித்துக்கொண்டு போனது. ரத்தமும் நீரும் தரையில் சிதறின. கத்தியக்கா முட்டி போட்டு விழுந்தாள். கண் இருட்டியது. அந்த இருட்டிலும் அவள் தன் காயத்தைத்தான் கணக்குப் பார்த்தாள். குழாய் எப்படியும் எடுக்க வேண்டியதுதான். மேல் தையல் பிரியவில்லை. கையைத் தூக்கவில்லை. இன்னும் கெடவில்லை. இவன் அடித்துவிட்டுப் போகட்டும். பன்னிரண்டு நாள்தான்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. எலும்பு உடையும் சத்தம். அந்தச் சத்தத்தை அவளுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். கடைக்குள் போகும் நடுக்கதவு திறந்திருந்தது. மகள் அதைத் தாண்டிப் போய்விட்டு வந்திருந்தாள். அவள் கையில் எலும்பு வெட்டும் பெரிய கத்தி. மாப்பிள்ளையின் முன்கை முழங்கைக்குக் கீழே இன்னொரு இடத்திலும் மடங்கியிருந்தது. கத்தியின் முதுகுப்பக்கத்தால் அடித்திருக்கிறாள். அவன் தன் கையை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது அடி தோளில் விழுந்தது. காறையெலும்பு போனது. அவன் குப்புற விழுந்தான். மூன்றாவது விலாவில். அவன் ஆட்டைப் போலக் கத்தினான். மகள் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

அதைப் பார்த்துக் கத்தியக்கா சந்தோஷப்பட்டாள். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அடிடி என் ராசாத்தி என்று உள்ளுக்குள் கூவினாள். நாலாவது அடியும் விழுந்தது. அவன் நடுக்கதவை நோக்கி ஊர்ந்தான். மகள் பின்னாலேயே போய், ஒரு காலை அவன் முதுகில் வைத்தாள்.

கத்தி திரும்பியது.

மணிக்கட்டில் சின்ன ஒரு திருப்பம்தான். வேறு யார் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. முதுகு மேலே போய், கூர் கீழே வந்தது. அந்தத் திருப்பத்தை நாளுக்கு நூறு தடவை செய்த கைக்காரிக்கு அது எங்கே இறங்கப்போகிறது என்று தெரியும். மகளின் பார்வை அவன் பிடரியில் இருந்தது.

"ஏய்!"

மகளுக்குக் காது கேட்கவில்லை. கத்தி தலைக்கு மேலே ஏறியது. கத்தியக்கா எழுந்து பாய்ந்தபோது மகள் வலது பக்கத்தில் இருந்தாள். இடது கை எட்டாது. யோசிக்க நேரமில்லை. நேரம் இருந்திருந்தாலும் யோசித்திருக்க மாட்டாள். பட்டை படாரென்று அறுந்தது. வலது கை மேலே போனது, தோளுக்கு மேலே, தலைக்கு மேலே, போகக்கூடாத உயரத்துக்கெல்லாம் போய், இறங்கிக்கொண்டிருந்த மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கியது.

உள்ளே டாக்டரம்மா பொறுமையாகப் போட்ட தையல்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. அக்குளிலிருந்து நெஞ்சுக்குழி வரை. எண்ண முடிந்த அளவுக்கு அது தெளிவாக இருந்தது. பிறகு மேல் தோல் பிரிந்தது. சூடாக ஏதோ வயிற்றில் வழிந்தது. பிடியை அவள் விடவில்லை.

"போதும்டி" என்றாள். "போதும் கண்ணு. கத்தியை அம்மாகிட்ட குடு."

மகள் திரும்பிப் பார்த்தாள். யாரோ ஒருத்தி பார்ப்பது போலிருந்தது. மெல்ல மெல்லத்தான் அந்தக் கண்ணுக்குள் மகள் திரும்பி வந்தாள். தாயின் மார்பைப் பார்த்ததும் அலறினாள். கத்தி தரையில் விழுந்தது.

கத்தியக்கா குனிந்து அதை எடுத்துத் தன் வலது கையில் வைத்துக்கொண்டாள். ஜனங்கள் சந்து வழியாக உள்ளே வந்தபோது, அவள் கத்தியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால்மாட்டில் மாப்பிள்ளை புரண்டுகொண்டிருந்தான். "நான்தான்" என்றாள், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே. யாரும் ஆச்சரியப்படவில்லை. மாப்பிள்ளையை அவனுடைய வேனிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

கட்டுப் போடும் அறையில் நர்ஸ் துணியை வெட்டி விலக்கினாள். பார்த்தவுடன் கத்தரிக்கோலைத் தட்டில் எறிந்தாள். "ஏன்கா? ஏன்? இன்னும் பன்னெண்டு நாள் பொறுக்க முடியலையா உங்களால?" என்று அழுதுகொண்டே திட்டினாள். கையகலத்துக்குக் காயம் வாய் பிளந்திருந்தது. ஒட்டிவந்த தோல் முழுக்கச் சதையை விட்டு எழுந்து நின்றது.

டாக்டர் அழவில்லை. கோபத்தில் அவர் முகம் சிவந்தது.

"கை ஓங்குறதுக்கு முன்னாடி ஒரு நொடி உங்க பொண்ணை நினைச்சீங்களா?"

"நினைச்சேன் டாக்டரம்மா."

"நினைச்சுமா தூக்குனீங்க?"

உப்பு நீர் விட்டுக் காயத்தைக் கழுவினார்கள். ஊசி போட்டும் வலியில் உயிர் போயிற்று. கறுக்கப் போகிற ஓரங்களை டாக்டர் வெட்டி எடுத்தார். திரும்பத் தைக்க முடியாது, சதை வீங்கிவிட்டது, திறந்தபடியே விட்டுத் துணியடைத்து அடியிலிருந்து ஆற விட வேண்டும் என்றார்.

"இருபத்தொண்ணாம் நாள்?"

"மறந்துடுங்க. ஆறு வாரமாவது ஆகும்."

"அந்த ஆறு வாரத்துல உள்ள இருக்கறது என்ன செய்யும்?"

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "சும்மா இருக்கலாம். ஓடலாம். எனக்குத் தெரியாதும்மா. பொய் சொல்ல மாட்டேன்."

மறுநாள் காலையில் போலீஸ்காரர் வந்தார். மாப்பிள்ளை வாக்குமூலம் கொடுத்துவிட்டானாம். மாமியார்தான் அடித்தாள் என்று அடித்துச் சொல்லியிருக்கிறான். கத்தியக்காவுக்கே இது எதிர்பாராதது. யோசித்துப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. கத்தியக்காவிடம் அடிபட்டவர்கள் ஊரில் எத்தனையோ பேர், அதில் ஒரு கேவலமும் இல்லை. கண்ணாடிக் கடைக்காரியான பெண்டாட்டியிடம் நாலு எலும்பு உடைபட்டேன் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு மற்ற டிரைவர்களிடம் சொல்வான்? அந்தத் தடியனுடைய வீராப்பு ஜென்மத்தில் முதல்முறையாக ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்" என்றார் போலீஸ்காரர். "ஆபரேஷன் ஆகி ஒன்பது நாள். நாலு அடி. ஒவ்வொண்ணும் எலும்பு வரைக்கும். இந்தக் கையை வச்சுக்கிட்டு எப்படிம்மா?"

கட்டிலின் இடது பக்கம் நின்ற மகள் ஒரு அடி முன்னால் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "சார், அம்மா இல்ல சார். நான்தான்..."

பளாரென்று விழுந்தது அறை. இடது கைதான். போலீஸ்காரர் ஒரு எட்டுப் பின்னால் போனார். வார்டு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. யார் யாரையோ அடித்தவள், இருபத்தாறு வருடத்தில் அந்தப் பெண் மேல் ஒரு விரல் வைத்ததில்லை.

"என்னைக் காப்பாத்தறதா நினைச்சுப் பொய் சொல்லுது சார்" என்றாள் கத்தியக்கா, மூச்சு வாங்க. "திருகாணி மாட்டுற பொண்ணு. கத்தியை எந்தப் பக்கம் பிடிக்கணும்னுகூடத் தெரியாது. அவன் என் குழாயைப் பிடுங்கினான், நான் அடிச்சேன். எழுதிக்குங்க."

புண்ணைப் பார்க்க வந்திருந்த டாக்டரைப் போலீஸ்காரர் பார்த்தார். "நீங்க சொல்லுங்க டாக்டர். இவங்க இந்தக் கையைத் தூக்கியிருக்க முடியுமா?"

டாக்டர் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறை வாங்கிய கன்னத்தைப் பிடித்திருந்ததால் அவளுடைய சட்டைக் கை கீழே இறங்கியிருந்தது. வலது மணிக்கட்டைச் சுற்றி நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும் நீலமாகப் பதிந்திருந்தன. கன்றிப்போன தடம். மேலேயிருந்து, முழு பலத்தோடு, யாரோ பிடித்திருக்கிறார்கள். டாக்டரின் பார்வை அந்தத் தடத்திலிருந்து கத்தியக்காவின் வலது கைக்குப் போனது. நெடுநேரம் அங்கேயே நின்றது.

"முடியும்" என்றார். "தலைக்கு மேல வரைக்கும் தூக்கியிருக்காங்க. அதனாலதான் காயம் பிரிஞ்சிருக்கு. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. சிகிச்சை முடியும்வரை ஊரை விட்டுப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போலீஸ்காரர் போனார். எங்கே போகப்போகிறேன், என்றாள் கத்தியக்கா.

டாக்டர் நேற்றுப் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவர் மாதிரி இருந்தது. கேட்கவில்லை. மகளின் சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மூடிவிட்டார்.

"கை கழுவிட்டு வாம்மா. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு. தினம் ரெண்டு வேளை கட்டு மாத்தணும், ஆறு வாரத்துக்கு. நீதான் செய்யணும், கத்துக்கோ."

மகள் கழுவிக்கொண்டு வந்தாள். கன்னத்தில் விரல் அச்சு இன்னும் சிவந்திருந்தது. நர்ஸ் இடுக்கியைக் கொடுத்து, ஈரத்துணியை எப்படி மடிக்க வேண்டும், எந்த மூலையிலிருந்து அடைக்க வேண்டும் என்று காட்டினாள். கத்தியக்கா தலையணையில் சாய்ந்து, மகளின் கையையே பார்த்தாள். முதல்முறை திறந்த சதையைத் தொடுகிற யாருக்கும் கை உதறும். நர்ஸுக்கே ஆரம்பத்தில் உதறியதாம். கத்தியக்கா அந்த உதறலுக்காகக் காத்திருந்தாள். இடுக்கி பிளவுக்குள் இறங்கியது, சதையின் ஆழம் தெரிந்து, அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தி, தூக்க வேண்டிய இடத்தில் தூக்கியது.

"வலிக்குதாம்மா?" என்றாள் மகள்.

இல்லை என்று தலையசைத்தாள் கத்தியக்கா. மகளின் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. குழாயைப் பிடுங்கியபோதும், தையல் தெறித்தபோதும் அழாதவள், அதைப் பார்த்துத்தான் வாய்விட்டு அழுதாள்.